மலப் பரிசோதனையில் பூச்சி தெரிவதும் தெரியாததும்

(நம் அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில், ஆய்வகப் பணியில் இருப்பவர்கள் சேர்ந்து தயாரித்து வாசித்த உரை)





இன்று பேசப் போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். வயிற்றுப் பூச்சி. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்றால் நாலு பேர் நடுவில் பேசுகிறோம். பூச்சி என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். ஆனால் உலகத்தில் சுமார் 150 கோடி மக்களின் குடலில் மண் வழியாகப் பரவும் புழுக்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவர். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

லேப்பில் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்காருகிற நாங்கள் ஒரு செய்தியைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம். மோஷன் டெஸ்ட் ரிப்போர்ட்டில் ‘முட்டை இல்லை’ என்று வந்தால், பலர் அதை ‘வயிற்றில் பூச்சி இல்லை’ என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. எந்த நாளில் எடுத்த மலம், எப்படி எடுத்தது, எந்த முறையில் பார்த்தது என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பதிலின் மதிப்பு. இதைக் குடும்பத்தினர் தெரிந்துகொண்டால், தேவையில்லாத செலவும் குறையும், கவனிக்காமல் விட்டுவிடும் ஆபத்தும் குறையும்.

ஒரு சொட்டில் எவ்வளவு தெரியும்?

சாதாரண மோஷன் டெஸ்ட் எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்கிறோம். கண்ணாடி சிலைடில் ஒரு சொட்டு உப்பு நீர், பக்கத்தில் ஒரு சொட்டு அயோடின். ஈர்க்குச்சி முனையில் துளி மலத்தை எடுத்து இரண்டிலும் கலக்கி, மேலே மெல்லிய கண்ணாடித் தகடு மூடி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். விலை குறைவு, சில நிமிடங்களில் முடிந்துவிடும். நாங்கள் தேடுவது பெரும்பாலும் புழுவை அல்ல, புழு இடும் முட்டையை.

அந்தத் துளியின் எடை சுமார் 2 மில்லிகிராம்தான். ஒரு பிள்ளை ஒரு நாளில் 100 கிராம் மலம் கழிக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாங்கள் பார்ப்பது அதில் 50,000-ல் ஒரு பங்கு. 50 கிலோ அரிசி மூட்டையில் ஒரு கிராம், அதாவது ஐம்பது அறுபது அரிசியை எடுத்துப் பார்த்து, மூட்டையில் கல் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது போல.

கல் நிறைய இருந்தால் அந்த ஒரு கிராமிலேயே அகப்படும். நாக்குப்பூச்சி என்று நாம் சொல்லும் உருண்டைப் புழுவின் பெண்புழு ஒன்று ஒரு நாளில் 2,00,000 முட்டை வரை இடும். அப்படியானால் ஒரே ஒரு புழு இருந்தாலும் அந்தத் துளியில் நாலு முட்டையாவது இருக்க வாய்ப்பு உண்டு. கொக்கிப்புழுவின் கதை வேறு. நம் நாட்டில் காணப்படும் இரண்டு வகைகளில் ஒன்று, ஒரு நாளைக்கு 10,000 முட்டை வரைதான் இடும். வயிற்றில் பெண்புழு ஒன்று மட்டும் இருந்தால், பத்துச் சிலைடில் எட்டு ஒன்பதில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். போதாததற்கு, முட்டைகள் மலத்தில் எல்லா இடத்திலும் சமமாகக் கலந்திருப்பதில்லை. ஒரு நாள் அதிகம் வரும், மறுநாள் குறையும்.

இன்னொரு காரணமும் உண்டு. உருண்டைப் புழுவின் முட்டை வாய் வழியாக உள்ளே போன நாளிலிருந்து, அது வளர்ந்து தானே முட்டையிடத் தொடங்க 2 முதல் 3 மாதம் ஆகும். இடைப்பட்ட காலத்தில் புழு உடம்பில் இருக்கும், மலத்தில் முட்டை இருக்காது.

அதனால்தான் ஒரு நாள் மலத்தோடு நிறுத்தாமல், ஒன்று விட்டு ஒரு நாளாக மூன்று முறை கொடுங்கள் என்று கேட்கிறோம். காசு பிடுங்குவதற்காகச் சொல்வதில்லை.

முட்டையைத் திரட்டும் முறைகள்

துளி போதவில்லை என்றால் என்ன செய்வது? அதிக மலத்தை எடுத்து, அதிலுள்ள முட்டைகளை ஓரிடத்தில் திரட்ட வேண்டும். இதற்கு இரண்டு வழிகள்.

ஒன்று மிதக்க வைப்பது. உப்பு இனி கரையாது என்ற அளவுக்குக் கெட்டியான உப்புக் கரைசலில் மலத்தைக் கலக்கி, குப்பி விளிம்பு வரை நிரப்பி, மேலே சிலைடை வைத்துவிடுவோம். உப்பு நீரில் நல்ல முட்டை மிதக்கும் என்று நம் அடுப்படியில் தெரிந்த சங்கதிதான். 20 முதல் 30 நிமிடத்தில் கொக்கிப்புழு முட்டைகள் மேலே வந்து சிலைடில் ஒட்டிக்கொள்ளும். 1921-ல் வில்லிஸ் என்பவர் சொன்ன முறை இது. ஆனால் நாடாப்புழு முட்டையும், கருவுறாத உருண்டைப் புழு முட்டையும் கனமானவை. அவை மிதக்காது.

இரண்டாவது, அடியில் படிய வைப்பது. மலத்தை ஃபார்மலினில் கலக்கி வடிகட்டி, ஈதர் சேர்த்துக் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் சுற்றுவோம். கொழுப்பும் சக்கையும் மேலே போய்விடும், முட்டைகள் அடியில் தங்கும். 1948-ல் ரிட்சி என்பவர் வகுத்த இந்த முறையில் எல்லா வகை முட்டையும் ஓரளவு கிடைக்கும்.

மூன்றாவதாக ஒரு முறை உண்டு. அது முட்டை இருக்கிறதா என்பதோடு, எத்தனை என்றும் எண்ணிச் சொல்லும். கட்டோ-கட்ஸ் என்று பெயர். ஜப்பானில் கட்டோவும் மியூராவும் 1954-ல் தொடங்கியதை, பிரேசிலில் கட்ஸ் குழுவினர் 1972-ல் திருத்தி அமைத்தார்கள். துளையிட்ட தகட்டில் சரியாக 41.7 மில்லிகிராம் மலத்தை அளந்து, கிளிசரினில் ஊறிய செல்லோபேன் தாளால் அழுத்தி, தெரியும் முட்டைகளை எண்ணி 24-ஆல் பெருக்கினால், ஒரு கிராமில் எத்தனை முட்டை என்று வந்துவிடும். கொக்கிப்புழுவாக இருந்தால் கிராமுக்கு 2,000-க்குக் கீழே லேசான தொற்று, 4,000-ம் அதற்கு மேலும் கடுமையான தொற்று. இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கொக்கிப்புழு முட்டையின் ஓடு மிக மெல்லியது. கிளிசரினில் அரை மணி, ஒரு மணி நேரத்தில் கரைந்து காணாமல் போய்விடும். தாமதமாகப் பார்த்தால் இருந்தது இல்லாததாகிவிடும்.

இந்த முறை பெரும்பாலும் ஊர் ஊராக நடத்தும் ஆய்வுகளில்தான் பயன்படுகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் நடத்திய பெரிய ஆய்வில் இதையும், மலத்தில் புழுவின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். முறையையும் பயன்படுத்தினார்கள். அங்கே அதிகம் காணப்பட்டது கொக்கிப்புழு. சிறு பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம்தான் அது கூடுதல். பூச்சி என்றால் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரத்தசோகையும் கொக்கிப்புழுவும்

நம் பெண்களில் பலர் ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாதவர்கள் உண்டு. கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். வகையைப் பொறுத்து ஒரு புழுவால் ஒரு நாளில் போகும் ரத்தம் 0.03 முதல் 0.2 மில்லி வரை. குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 50 புழு இருந்தால் நாளுக்கு 1.5 மில்லி, மாதத்துக்கு 45 மில்லி. மாதவிலக்கில் சராசரியாகப் போகும் ரத்தத்துக்கு அது சமம். அதாவது அந்தப் பெண்ணுக்கு மாதம் இரண்டு முறை ரத்தம் போவது போல.

ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. மாத்திரைக்கு ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், டாக்டரிடம் மலப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். ஒரு நாள் சிலைடில் இல்லை என்று வந்தால், திரட்டிப் பார்க்கும் முறையில் இன்னொரு தடவை பார்க்கலாமா என்றும் கேளுங்கள். பிள்ளை உண்டாகியிருப்பவர்கள் கடையில் தாமாகப் பூச்சி மருந்து வாங்கிச் சாப்பிட வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் அதைத் தவிர்ப்பார்கள். எப்போது கொடுக்கலாம் என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

கீரிப்பூச்சிக்கு டேப் பரிசோதனை

ராத்திரி பிள்ளை தூங்காமல் ஆசனவாயைச் சொறிகிறது. உம்மா மோஷன் டெஸ்ட் எடுக்கிறார். முட்டை இல்லை என்று வருகிறது. இது வியப்பே இல்லை. கீரிப்பூச்சி முட்டையைக் குடலுக்குள் இடுவதில்லை. பெண்புழு இரவில் வெளியே வந்து, ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் ஒட்டிவிட்டுப் போகும். கீரிப்பூச்சி உள்ளவர்களின் மலத்தைப் பார்த்தால் நூற்றில் சுமார் ஐந்து பேரிடம்தான் முட்டை கிடைக்கும்.

இதற்குச் சரியான பரிசோதனையை வீட்டிலேயே எடுக்கலாம். 1941-ல் கிரஹாம் என்பவர் சொன்ன முறை. தேவை, கண்ணாடி போல் தெளிவான செல்லோ டேப்பும், லேப்பில் வாங்கிய சிலைடும்.

காலையில் பிள்ளை எழுந்தவுடன், கழிப்பறைக்குப் போவதற்கு முன், கழுவுவதற்கு முன் எடுக்க வேண்டும். நம் வீடுகளில் பிள்ளையை எழுப்பியதும் முதலில் கழுவிவிடுவது வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் கழுவினால் முட்டையும் போய்விடும். ஆகவே அந்த நாட்களில் மட்டும், டேப் எடுத்த பிறகு கழுவுங்கள். டேப்பின் ஒட்டும் பக்கத்தை ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் நாலு இடத்தில் மெதுவாக அழுத்தி எடுத்து, அப்படியே சிலைடில் ஒட்டுங்கள். பிள்ளையின் பெயரும் தேதியும் எழுதுங்கள். பிறகு உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு நாள் எடுத்தால் பாதிப் பேரிடம்தான் தெரியும். மூன்று நாள் தொடர்ந்து எடுத்தால் பத்தில் ஒன்பது பேரிடம் தெரிந்துவிடும்.

முட்டை தெரிந்தால் டாக்டர் பெரும்பாலும் வீட்டில் எல்லோருக்கும் மருந்து கொடுப்பார், 2 வாரம் கழித்து மறுபடியும் கொடுப்பார். இரண்டாவது முறையை விட்டுவிடாதீர்கள். படுக்கை விரிப்பையும் உள்ளாடையையும் அதே நாளில் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளை பல்லை நறநறவென்று கடித்தால், முகத்தில் வெள்ளைத் திட்டு வந்தால், மிட்டாய் அதிகம் தின்றால் பூச்சி என்று பெரியவர்கள் சொல்வார்கள். மிட்டாயால் பூச்சி வராது. பல் கடிப்பதும் வெள்ளைத் திட்டும் வேறு காரணங்களாலும் வரும். அவற்றை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

நாடாப்புழுவும் நம் சமூகத்தில் உள்ள ஒரு தவறான நம்பிக்கையும்

சரியாக வேகாத மாட்டிறைச்சியால் ஒரு வகை நாடாப்புழு வரும். அதன் துண்டுகள், பூசணி விதை போல வெள்ளையாக, மலத்தோடோ தானாகவோ வெளியே வரும். அதைப் பார்த்துப் பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். குச்சியால் எடுத்து, சிறிய பாட்டிலில் கொஞ்சம் உப்பு நீரில் போட்டு லேப்புக்குக் கொண்டு வாருங்கள். மாட்டிறைச்சிப் புழுவின் முட்டையும் பன்றி இறைச்சிப் புழுவின் முட்டையும் மைக்ரோஸ்கோப்பில் ஒன்று போலவே இருக்கும். துண்டுக்குள் இருக்கும் கருப்பையின் கிளைகளை எண்ணினால்தான் வகை தெரியும்.

வகை தெரிவதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். “நாம் பன்றி இறைச்சி தொடுவதில்லை, அந்தப் புழு நமக்கு வராது” என்று பலர் நம்புகிறோம். பாதிதான் உண்மை. குடலில் வளரும் புழு நமக்கு வராதுதான். ஆனால் அந்தப் புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து முட்டை, கழுவாத கை வழியாகவோ பச்சைக் காய்கறி வழியாகவோ நம் வாய்க்கு வந்தால், அது மூளையில் போய்க் கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கும். நியூயார்க் நகரில், பன்றி இறைச்சியை விலக்கி வாழும் யூத சமூகத்தில் நாலு பேருக்கு இப்படி வலிப்பு வந்ததும், அந்த வீடுகளில் வேலை செய்தவர்களில் ஒருவருக்குக் குடலில் நாடாப்புழு இருந்ததும் 1992-ல் மருத்துவ இதழில் வெளியானது. யாரையும் சந்தேகப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. சமைப்பவர், பரிமாறுபவர், சாப்பிடுபவர் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். இந்த வலிப்பு நோயை மலப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது. மூளை ஸ்கேன்தான் காட்டும்.

ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் உள்ள வீடுகளுக்கு

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று ஒரு புழு உண்டு. கொக்கிப்புழு போலவே, வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது தோல் வழியாக ஏறும். மற்றப் புழுக்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் தாமாகச் செத்துவிடும். இது உடம்புக்குள்ளேயே மறுபடி மறுபடி பெருகி, பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். வயல்காட்டில் வளர்ந்த பெரியவர் பட்டணத்துக்கு வந்து முப்பது ஆண்டு ஆன பிறகும் இருக்கலாம்.

ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ ஸ்டீராய்டு தொடங்கும்போது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தாழும். அப்போது இந்தப் புழு அளவில்லாமல் பெருகி, நுரையீரல் வரை பரவி உயிரையே எடுத்துவிடலாம். இதன் முட்டை குடலிலேயே பொரிந்துவிடுவதால், மலத்தில் வருவது குஞ்சுப் புழு, அதுவும் மிகக் குறைவாக. சாதாரண சிலைடில் பெரும்பாலும் தப்பிவிடும். பெரிய லேப்களில், வலைத்துணியில் வைத்த மலத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் படும்படி புனலில் வைப்பார்கள். குஞ்சுப் புழுக்கள் வெப்பத்தைத் தேடி நீந்தி அடியில் சேரும். அகார் தட்டில் மலத்தை வைத்து, புழு ஊர்ந்த தடத்தைப் பார்ப்பதும் உண்டு. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனையும் உண்டு.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு எழுதினால், “இவர் வயலில் வெறுங்காலோடு வேலை செய்தவர், புழுவுக்குப் பார்க்க வேண்டுமா டாக்டர்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் கூடுதல் என்று முன்பு வந்திருந்தால் அதையும் காட்டுங்கள். நீங்களாக ஸ்டீராய்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. பூச்சி மாத்திரை ஒன்று போட்டால் போதும் என்றும் இருக்காதீர்கள். பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் ஒரு வேளை இந்தப் புழுவுக்குப் போதாது. இதற்கு வேறு மருந்து இருக்கிறது.

மலம் எடுப்பது எப்படி?

லேப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வருகிற மலம் சரியில்லை என்றால் பதிலும் சரியாக வராது. இவற்றை மனத்தில் வையுங்கள்.

அகன்ற வாயும் இறுக்கமான மூடியும் உள்ள, சுத்தமான, உலர்ந்த டப்பா. தீப்பெட்டி வேண்டாம், தாளில் மடித்தும் வேண்டாம்.

கழிப்பறைத் தண்ணீரும் சிறுநீரும் படக் கூடாது. பழைய செய்தித்தாளையோ பிளாஸ்டிக் தாளையோ விரித்து அதில் போகச் சொல்லி, டப்பாவோடு வரும் கரண்டியால் எடுங்கள்.

நெல்லிக்காய் அளவு போதும். சளியோ ரத்தமோ இருந்தால் அந்த இடத்தையும் சேர்த்து எடுங்கள்.

கிருமிநாசினி எதையும் ஊற்றாதீர்கள்.

எடுத்த இரண்டொரு மணி நேரத்தில் லேப்புக்கு வர வேண்டும். நம் ஊர் வெக்கையில் ஒரு நாள் கிடந்தால் கொக்கிப்புழு முட்டை பொரிந்து குஞ்சாகிவிடும். அதை வேறு புழு என்று குழப்பிக்கொள்ள நேரும்.

பூச்சி மருந்தோ ஆன்டிபயாடிக்கோ விளக்கெண்ணெயோ சாப்பிட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சில நாள் கழித்து எடுக்கச் சொல்வோம்.

பெயர், வயது, தேதி, எடுத்த நேரம் டப்பாவின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறிவிடும்.

பள்ளி மாத்திரைக்குப் பரிசோதனை வேண்டுமா?

வேண்டாம். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய குடற்புழு நீக்க நாட்களில் 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். 2015-ல் சில மாநிலங்களில் தொடங்கிய இது இப்போது நாடு முழுவதும் நடக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பரிசோதனை செய்வதைவிட எல்லோருக்கும் மாத்திரை கொடுப்பது எளிது, செலவும் குறைவு. 2 வயதுக்குக் கீழே அரை மாத்திரை, அதற்கு மேல் 400 மில்லிகிராம் முழு மாத்திரை. மென்று சாப்பிட வேண்டும். அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடுபட்டவர்களுக்கான நாளில் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் பயத்தால் மறுக்காதீர்கள்.

பரிசோதனை தேவைப்படுவது, மாத்திரை சாப்பிட்ட பிறகும் தொந்தரவு தொடர்கிறவர்களுக்கு, ரத்தசோகை தீராதவர்களுக்கு, மலத்தில் நாடாத் துண்டு பார்த்தவர்களுக்கு, ஸ்டீராய்டு தொடங்கப் போகிறவர்களுக்கு.

மருந்து உள்ளே இருக்கும் புழுவைத்தான் கொல்லும். மறுபடி வராமல் இருக்க, கழிப்பறையிலிருந்து வந்ததும் சோப்பு, ஒட்ட வெட்டிய நகம், காலில் செருப்பு, கழுவிய காய்கறி, வெந்த இறைச்சி. உளூவுக்கு ஒரு நாளில் பல முறை கையை நனைக்கிறோம். அதற்கு முன், கழிப்பறை வாசலிலேயே ஒரு முறை சோப்புப் போட்டுவிட்டால் நம் வீடு பெருமளவு தப்பித்துவிடும்.

இனி ரிப்போர்ட் கையில் வந்தால், “எந்த முறையில் பார்த்தீர்கள், இன்னொரு முறை தர வேண்டுமா?” என்று லேப்பில் தயங்காமல் கேளுங்கள். அந்தக் கேள்வியால் எங்களுக்குக் கோபம் வராது. கூச்சப்பட்டு வெளியில் கேட்க முடியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் வாருங்கள். பெண்களுக்குப் பதில் சொல்ல எங்களில் பெண்களும் இருக்கிறோம். டேப் எடுக்கச் சிலைடு தேவைப்படுபவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.